பரேட் தெரு

வெண்டல் கச்மாரெக் ஈரி ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பைலட்ஸில் பதினோரு வருடம் இருந்தான். அந்தப் பதினோரு வருடத்தில் முழுதாக ஆடியது ஒன்பது ஆட்டம். மற்ற நாளெல்லாம் தலையில் தொப்பி, காதில் ஹெட்போன், மைதானத்தின் ஓரம். அவன் இரண்டாவது குவார்ட்டர்பேக். முதல் குவார்ட்டர்பேக்தான் பந்தைக் கையில் வாங்குவான், எறிவதா ஓடுகிறவனிடம் கொடுப்பதா என்று நொடியில் முடிவெடுப்பான், ஊர்ச் சுவர்களில் படமாகத் தொங்குவான். இரண்டாமவன் முதலாமவனுக்கு அடிபட்டால்தான் உள்ளே போக முடியும். அதே சமயம் அடிபடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நெஞ்சில் சுமப்பது லேசில்லை. வெண்டல் சுமந்தான், முகம் சுளிக்காமல்.

அவன் அந்த அணிக்குக் கொடுத்த பெரிய விஷயம் எறிந்த பந்துகள் அல்ல. ஒரு சொல்.

இந்த ஆட்டத்தில் பந்து அசையும்வரை முன்வரிசை ஐவரும் கல்லாக இருக்க வேண்டும். ஒருவன் முந்தி அசைந்தாலும் நடுவர் மஞ்சள் துணியை எறிவார், அணி ஐந்து கெஜம் பின்னால் போகும். அந்த ஐவருக்குப் பின்னால் நின்று குவார்ட்டர்பேக் என்னென்னவோ கத்துவான். எல்லாம் எதிரணியை ஏமாற்றுவதற்கு. அதில் ஒரே ஒரு சொல்தான் நிஜம். அது காதில் விழுந்ததும் நடுவில் குனிந்திருக்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பான், ஐவரும் பாய்வார்கள். அந்தச் சொல் எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் அவர்களும் அதே நொடியில் பாய்வார்கள். அப்புறம் குவார்ட்டர்பேக்கின் விலா எலும்புக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முன்பெல்லாம் நிறங்களும் எண்களும்தான். அறுபதாயிரம் பேர் கத்தும்போது பெரிய உடம்புக்காரர்களுக்கு நீலமா எட்டா என்று குழம்பும். வெண்டலின் மனைவி டெனீஸ் ஈரியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒரு நாள் அவள் பின்னால் உட்கார்ந்து வந்தவன் வழியிலிருந்த தெருப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தான். பீச், சசாஃப்ராஸ், செர்ரி, ஹாலந்து, பரேட். எல்லாவற்றையும் கத்து, ஆனால் பரேட் மட்டும் நிஜம் என்று வைத்தான். டெக்சாஸிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் வந்த புதியவர்களை டெனீஸின் பஸ்ஸில் ஒரு சுற்று ஏற்றி அனுப்பினான். சென்டர் ஓட்டிஸ் பரோ அப்படித்தான் மூன்று பிள்ளைகளின் இடத்தை ஒருவனாக அடைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தான். அது நடந்து எட்டு வருடம். அதற்குப் பிறகு தூக்கத்தில் எழுப்பிப் பரேட் என்றாலும் ஓட்டிஸ் கட்டிலிலிருந்து பாய்வான் என்று அவன் மனைவி சொல்வாள்.

வியாழக்கிழமை முன்வரிசைக்காரர்களுக்குக் குவார்ட்டர்பேக் சாப்பாடு போட வேண்டும் என்பது வழக்கம். முறைப்படி அது முதலாமவனின் கடமை. முதலாமவர்கள் நான்கு பேர் வந்தார்கள், போனார்கள். பெட்டி பெட்டியாகச் சூடான பெப்பரோனி உருண்டை, உள்ளே கார இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி, வாங்கி வந்தது எல்லா வியாழனும் வெண்டல்தான். நடுவில் இரண்டு முறை வேறு அணிகள் நல்ல இடம் தருவதாகக் கூப்பிட்டன. இரண்டு முறையும் மாடியில் இருந்த நிர்வாக அறைக்குப் போய், குறைந்த சம்பளத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்தான். மாடிக்காரர்களுக்கு இப்படிப்பட்ட ஆளைப் பிடிக்கும். செலவு குறைவு.

போன ஆகஸ்டில் இளம் முதலாமவன் டிரென்ட் கொலவிட்டோவுக்குப் பெரிய ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தச் சம்பளத்துக்கு லீகில் ஓர் உச்சவரம்பு உண்டு. ஒருவனுக்குக் கூட்டினால் இன்னொருவனைக் கழிக்க வேண்டும். ஒரு காலை, உடை மாற்றும் அறைக் கதவில் ஓர் உதவியாளர் தலையை நீட்டி, "வெண்டல், டேப்லெட்டை எடுத்துட்டு மாடிக்கு வா" என்றார்.

ஆட்டத் திட்டமெல்லாம் அந்த டேப்லெட்டில்தான் இருக்கும். அதைக் கையோடு கொண்டுவரச் சொன்னால் திரும்பத் தரமாட்டார்கள். வேலை போயிற்று என்று அர்த்தம். ஓட்டிஸ் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெண்டல் போகிற போக்கில் அவன் தோளைத் தட்டிவிட்டு மாடியேறினான்.

அக்டோபரில் டோலிடோ அயர்ன்ஸ் அணியின் இரண்டாமவன் கட்டைவிரலை உடைத்துக்கொண்டான். அவர்களுடைய மேலாளர் ஹாலோரன் வெண்டலைக் கூப்பிட்டார். டோலிடோ ஏரிக்கரையோடு மூன்றரை மணி நேரப் பயணம். ஈரியோடு அவர்களுக்கு ஆட்டம் ஒன்பது நாளில் இருந்தது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பது பஸ் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வெண்டலுக்கு முப்பத்தாறு வயது. இதை விட்டால் இன்னொரு அழைப்பு வராது. டெனீஸ் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, போய்ப் பேசு, வாயை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்றாள்.

ஹாலோரன் ஒப்பந்தத்தை மேசையில் தள்ளினார். ஏஜென்ட் எங்கே என்று கேட்டார். பதினோரு வருஷமா எல்லாரும் இதே காகிதத்தைத்தான் நீட்டுகிறார்கள், படிக்கப் பழகிவிட்டது என்றான் வெண்டல். கடைசிப் பக்கம்வரை படித்தான். சம்பளத்தில் ஒரு காசு கூட்டிக் கேட்கவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதினான்: பழைய அணியின் அழைப்புச் சொற்களை இந்தப் பருவம் முடியும்வரை யாரும் வெண்டலிடம் கேட்கக் கூடாது.

ஹாலோரன் சிரித்தார். வெண்டல் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"அதுக்குத்தானேப்பா உன்னைக் கூப்பிட்டதே."

"தெரியும் சார். அதனாலதான் எழுத்துல கேக்குறேன்."

"ஒத்துக்கலன்னா?"

"மூணரை மணி நேரம். சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன்."

"உன்னைத் துரத்திவிட்டவங்களுக்கா இவ்வளவு விசுவாசம்?"

"துரத்தினது மாடியில இருக்கறவங்க. அந்தச் சொல்லைக் கேட்டு முட்டி மோதறது கீழ இருக்கற அஞ்சு பேரு. சொல்லு அவங்களோடது சார்."

ஹாலோரனிடம் வேறு இரண்டாமவன் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே அந்த வரிக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார்.

ஒப்பந்தத்தின் ஓரத்தில் எழுதிய வரியை யார் பார்க்கப்போகிறார்கள்? ஈரியில் தெரிந்ததெல்லாம் வெண்டல் டோலிடோ சட்டை போட்ட படம்தான். அந்த வெள்ளிக்கிழமை, மாதா கோயில் கூடத்தில் மீன் வறுவல் வரிசையில் நின்ற டெனீஸிடம் ஒருத்தி நாலு பேர் கேட்கவே விசாரித்தாள். "என்ன டெனீஸ், டோலிடோவுல நம்ம தெருவுக்கெல்லாம் நல்ல விலையாமே?"

"உன் தெருவை மட்டும் யாரும் கேக்கலையாம்" என்றாள் டெனீஸ். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அழுதாள்.

வெண்டல் அந்த வாரம் ஓட்டிஸுக்கு ஏழு முறை போன் போட்டான். ஓட்டிஸ் எடுக்கவில்லை. ஊர் பேசினால் பேசட்டும் என்று இருந்துவிடலாம். எட்டு வருடம் தனக்கு முன்னால் குனிந்து நின்று, தனக்கு விழ வேண்டிய அடியெல்லாம் வாங்கிக்கொண்டவன் அப்படி நினைத்தால் எப்படித் தாங்குவது? டோலிடோவின் தடுப்பாட்டக்காரர்கள் அவனுக்கு ஃபாதர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், பாவமன்னிப்புக் கூண்டில் கேட்டதை வெளியே விடாத பாதிரியார் மாதிரி இருக்கிறானாம். கிண்டல் செய்தார்களே தவிர கேட்கவில்லை. வரி வரிதான்.

ஞாயிறு ஆட்டத்தில் டோலிடோ ஓரத்தில் நின்றிருந்தான் வெண்டல். எதிரே கொலவிட்டோ கத்தினான்: செர்ரி, பீச், பரேட். ஓட்டிஸ் துள்ளினான். பந்து கையிலேயே இருந்தது. மஞ்சள் துணி விழுந்தது. ஐந்து கெஜம் பின்னால்.

மறுபடி பரேட். இந்த முறை இடது ஓரத்துக்காரன் பாய்ந்தான். மறுபடி துணி. மூன்றாவது துணி விழுந்தபோது வெண்டலுக்கு விளங்கிவிட்டது. சொல்லை மாற்றியிருக்கிறார்கள். அவன் விற்றிருப்பான் என்று முடிவு கட்டி, பரேட்டை வெறும் சத்தமாக்கி, வேறெதையோ நிஜமாக்கியிருக்கிறார்கள். ஐந்து நாளில் மூளை மாறிவிடும். எட்டு வருடக் கால் மாறுமா? பாயாதீர்கள் என்று அங்கிருந்தே கத்த வேண்டும்போல் இருந்தது. போட்டிருந்த சட்டை நினைவுக்கு வந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டான்.

ஒன்பது துணிகள். அதில் நான்கு ஓட்டிஸுக்கு. ஈரி நான்கு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் ஹாலோரன் ஓடிவந்து முதுகில் தட்டினார். எவனிடமாவது காதோடு சொன்னாயா என்று கண்ணடித்தார். இல்லை, அவர்களாகவே மாற்றிக்கொண்டு தடுக்கி விழுந்தார்கள் என்று வெண்டல் விளக்கினான். ஹாலோரன் வாய்விட்டுச் சிரித்தார். "வாயே திறக்காம ஒரு ஆட்டத்தை ஜெயிச்சுக் குடுத்த முதல் ஆளு நீதான்யா" என்றுவிட்டுப் போனார்.

மைதானத்தின் நடுவில் ஓட்டிஸ் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். முழங்கை வரை புல்லும் சுண்ணாம்பும்.

"சொன்னியாடா?"

"இல்லடா."

"ஒரு தெருகூடவா?"

"ஒண்ணுகூட."

ஓட்டிஸ் தலையைக் குனிந்துகொண்டான். செவ்வாய்க்கிழமை மாடியிலிருந்து மாற்றச் சொன்னதையும், தானும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாததையும் விட்டு விட்டுச் சொன்னான். பிறகு, "போனை நான்தான் எடுக்கல" என்றான்.

"ஏழு தடவ எடுக்கல. எண்ணினேன்."

ஓட்டிஸுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. ஈரி பஸ் கிளம்பத் தயாராக நின்றதால் அவன் திரும்பி நடந்தான், ஒரு கையை மட்டும் பின்னால் தூக்கிக் காட்டிவிட்டு.

அடுத்த வியாழன் டோலிடோ உடை மாற்றும் அறைக்கு ஈரியிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. வெண்டல் பெயருக்கு. உள்ளே பெப்பரோனி உருண்டைகள், ஆறிப்போயிருந்தன, ஆனால் அதே பேக்கரி. மூடியின் உட்புறம் ஓட்டிஸின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு சொல்: பரேட்.

பரேட்டையே மறுபடி நிஜமாக்கிவிட்டார்கள். டிசம்பரில் இரண்டு அணிகளும் ஈரியில் மறுபடி மோத வேண்டும். அந்த ஆட்டத்துக்கு எந்தச் சொல் நிஜம் என்பதை எதிரணிக்காரனுக்குக் கைப்பட எழுதி அனுப்பியிருந்தான் ஓட்டிஸ்.

டோலிடோவின் முன்வரிசைக்காரர்கள் வாசனை பிடித்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். வெண்டல் மூடியைக் கிழித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு உருண்டைகளைச் சூடுபண்ணப் பெட்டியைத் தூக்கினான்.

"அதுல என்ன ஃபாதர் எழுதியிருக்கு?" என்று ஒருவன் வாய் நிறைய ஆறின உருண்டையோடு கேட்டான்.

"ஒரு தெருப் பேரு" என்றான் வெண்டல். "என் பொண்டாட்டி பஸ் அந்த வழியாத்தான் போகும்."