அண்ணன் வாயும் என் பருப்பு சூப்பும்

சாரல் தொடங்கிய வாரத்தில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மேலகரத்தில் வீடு இருந்தால் சாரல் காலத்தில் சொந்தக்காரர்கள் வருவது வழக்கம்தான். துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வருவார்கள், குற்றாலத்தில் போய்க் குளிப்பார்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்குவார்கள், மறுநாள் போய்விடுவார்கள். அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இறங்கினான். இன்னொரு கையில் பெரிய பெட்டி. அதன் கனத்தைப் பார்த்ததும் இது ஒரு நாள் குளியலுக்கான பெட்டி இல்லை என்று தெரிந்துவிட்டது.

அன்று காலையில்தான் தென்காசியில் ஒரு பல் டாக்டர் அவன் மேல்வரிசையில் மிச்சமிருந்த பற்களை எடுத்திருந்தார். சர்க்கரை வந்ததிலிருந்து ஈறு கெட்டு, ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் முன்பக்கத்தில் நாலைந்து மட்டும் நின்றன. இப்போது அவையும் இல்லை. புண் ஆறி, அளவெடுத்து, பல் செட் கட்டி முடிக்கச் சில வாரங்கள் ஆகுமாம். அதுவரை வாசுதேவநல்லூருக்குத் திரும்புவதில்லை என்று அவனாகவே முடிவெடுத்திருந்தான்.

அங்கே அவனுக்கு உரக்கடை. ஆனால் ஊர் அவனை அறிந்தது உரத்தால் அல்ல, மைக்கால். கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்துவது, கோயில் கொடைத் திருவிழாவில் காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்வது எல்லாம் அவன்தான். அவன் கையில் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்க இரண்டு பேர் வேண்டும். அப்படிப்பட்டவன் பல் இல்லாத வாயோடு யார் கண்ணிலும் படமாட்டேன் என்றான். வாயால் சொல்லவில்லை, செல்போனில் தட்டிக் காட்டினான்.

“மதினிக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

மறுபடியும் தட்டினான். ‘பல் எடுக்கப் போறது தெரியும். இந்த மூஞ்சி தெரியாது.’

டாக்டர் சொல்லி அனுப்பிய விதிகளும் அந்தப் போனிலேயே இருந்தன. சூடாக எதுவும் கூடாது. காரம் கூடாது. குழல் வைத்து உறிஞ்சக் கூடாது, புண்ணிலிருந்து ரத்தம் வரும். விதை, தோல், நார் எதுவும் ஈறில் போய் மாட்டக் கூடாது. சர்க்கரைக்காரர் என்பதால் மூன்று வேளையும் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கவும் கூடாது. பருப்பு சூப் கொடுங்கள், நல்லது. எங்கள் வீடு சைவம், ஆகவே எனக்கும் வேறு வழி கிடையாது. தைரியமாகத் தலையாட்டினேன். பருப்பு வேகவைக்கத் தெரியாதவளா நான்?

பாசிப்பருப்பை மஞ்சள் போட்டுக் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அடித்து, உப்புப் போட்டு, ஆறவைத்துக் கொடுத்தேன். அண்ணன் ஒரு வாய் குடித்தான். தம்ளரைச் சாய்த்துப் பார்த்தான். சூப் நகரவில்லை. போனை எடுத்தான்.

‘குடிக்கவா, போஸ்டர் ஒட்டவா?’

அடுத்த வேளை துவரம்பருப்புக்கு மாறினேன். நீர்க்க வைத்து, வாசனைக்காக ஒரு சிட்டிகை ரசப்பொடி போட்டேன். சிட்டிகை என்பது ஆளுக்கு ஆள் மாறும் அளவு. அவன் முதல் வாயிலேயே எழுந்து முற்றத்துக்கு ஓடி, வாயைத் திறந்து அண்ணாந்தபடி சாரலில் நின்றான். அன்று முழுவதும் போனில்கூட அவன் என்னோடு பேசவில்லை.

அதற்கும் மறுநாள் வீடியோ பார்த்து மைசூர்ப் பருப்பில் செய்தேன். கேரட், கொஞ்சம் பரங்கிக்காய், மேலே வெண்ணெய். அந்தி வானத்தைத் தம்ளரில் ஊற்றியதுபோல ஒரு நிறம். அவன் பார்த்துவிட்டு ‘கலருக்கு நூறு மார்க்’ என்று தட்டினான். குடித்து முடித்ததும், “ருசிக்கு எவ்வளவுண்ணே?” என்று கேட்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நாலைந்து நாளில் வலி குறைந்து வாயைத் திறந்து பேச ஆரம்பித்தான். அப்போதுதான் அவன் ஏன் ஒளிந்துகொண்டான் என்பது எங்களுக்குப் புரிந்தது. சகரமும் தகரமும் வாயிலிருந்து வெறும் காற்றாக வந்தன. “தங்கச்சி, சூப்பு” என்று சொல்ல நினைத்து, “ஃபங்கஃபி, ஃபூப்பு” என்றான். என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து, மாடியில் துணி காய்கிறது என்று போய்விட்டார். சாரல் காலத்தில் எந்தத் துணி மாடியில் காயும்? அண்ணன் பேசியதை இனி முடிந்தவரை நான் திருத்தியே எழுதுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் மாடிக்குப் போகவேண்டி வரும்.

மதினி தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அவன் வாங்கமாட்டான். நான்தான் நடுவில்.

“உங்க அண்ணன் சாப்பிட்டாகளா?”

அவனைப் பார்ப்பேன். “தலையாட்டுதான் மதினி.”

“எந்தப் பக்கமா ஆட்டுதாக?”

“மேலேயும் கீழேயும்.”

“வலி இருக்கா?”

“இப்ப இடமும் வலமும் ஆட்டுதான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்.”

அதற்கு அவன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவான். அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல், “தூங்கிட்டான் மதினி” என்பேன். இப்போதுதானே தலையை ஆட்டினார் என்று அவள் கேட்பாள். ஆட்டிக்கொண்டே தூங்கிவிட்டான் என்று ஒருநாள் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அடுப்பில் பருப்பு இருந்தது, போய்விட்டேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் ஒரு தியாகம் செய்ய முன்வந்தார். “மச்சான் மட்டும் சூப்பு குடிச்சுக்கிட்டு இருக்கயில நாம சோறு திங்கிறது நல்லாவா இருக்கு? எனக்கும் ராத்திரிக்குச் சூப்பே போதும்” என்றார். எனக்கே கண் கலங்கியது. இரண்டு மூன்று நாள் நடந்தது. ஒருநாள் குற்றாலம் வரை காற்றாட நடந்துவிட்டு வந்து, கை கால் கழுவி, சாதுவாகச் சூப்புக்கு உட்கார்ந்தார். அண்ணன் மூக்கைச் சுருக்கினான்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் இங்கன திரும்புங்க.”

“என்ன மச்சான்?”

“உளுந்தவடை. கூடவே தேங்காய்ச் சட்னி. ரெண்டு வடையா, மூணா?”

“ரெண்டு” என்றார் இவர். பிறகு, “மூணு” என்றார். பல் போனால் அந்தப் பலமெல்லாம் மூக்குக்குப் போய்விடும் போலிருக்கிறது.

அந்த மூக்குதான் கடைசியில் எனக்கு வழி காட்டியது. ஆலங்குளத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். திருநெல்வேலிப் பக்கம் மறுவீடு என்றால் சொதிதான். பாசிப்பருப்பும் காய்களும் தேங்காய்ப்பாலில் வெந்த குழம்பு. ஒரு தூக்குவாளியில் கொஞ்சம் கொடுத்துவிட்டார்கள். நான் வீட்டில் மூடியைத் திறந்ததும் உள்ளறையிலிருந்து அண்ணன் வந்து நின்றான்.

“மிளகாய் கிடக்குண்ணே. உனக்கு ஆகாது.”

“நாக்குல புண்ணு இல்லட்டி.” சுண்டு விரலைத் தொட்டு நாக்கின் நடுவில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, “இதுல மிளகாயை எடுத்துரு. காயையும் எடுத்துரு. மிச்சத்தைக் கொண்டா” என்றான்.

சொல்வது எளிது. நான் அதை உட்கார்ந்து யோசித்தேன். மறுநாள் பாசிப்பருப்பை வாசனை வரும்வரை வறுத்துக்கொண்டேன். இரண்டு பல் பூண்டு உரித்தேன். அருகில் நின்ற அண்ணன் அதைப் பார்த்து, “அதுக்காவது பல்லு இருக்கே” என்று பெருமூச்சு விட்டான். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுத்தேன். நீர்த்த பாலில் பருப்பும் பூண்டும் வெந்தன. இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, அடியில் வெள்ளையாகத் தங்குவதை விட்டுவிட்டு மேலே தெளிந்த சாற்றை மட்டும் விட்டேன். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, இறக்கிய பிறகு கெட்டிப்பாலைக் கலந்தேன். எலுமிச்சை பிழிய ஆசைதான். புண் எரியும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் முழுத் தம்ளரையும் குடித்தான். இது வரைக்கும் நடக்காத சங்கதி. “நல்லாருக்கு” என்றான். “ஆனா என்னமோ ஒண்ணு இடிக்குது. வழவழன்னு வருது. என்னன்னு தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. பருப்பை மாற்றினேன், தண்ணீரைக் கூட்டினேன், பாலைக் குறைத்தேன். நாளுக்கு நாள் தேறியது. ஆனால் இடித்தது இடித்தபடியே இருந்தது.

அப்படி ஒரு முற்பகல், அடுப்படியில் நிற்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். மதினி. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்திருந்தாள். “எங்க உங்க அண்ணன்?” என்று அவள் கேட்ட மறுநொடி உள்ளறைக் கதவு சாத்தித் தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் கதவைத் தட்டவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ஏட்டி, உண்மையைச் சொல்லு. டாக்டரு வேற என்ன சொன்னாரு?”

“என்ன வேற?”

“வாயில வேற எதுவும் கட்டி கிட்டின்னு... அதைத்தானே மறைக்குதீங்க? பேச மாட்டாக, முகத்தைக் காட்ட மாட்டாக. நீ தூங்குதான் தூங்குதான்னு சொல்லுத. நான் எத்தனை நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?”

நாங்கள் விளையாட்டாக நினைத்தது அங்கே அவளைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. “ஒண்ணுமே இல்ல மதினி. புண்ணெல்லாம் ஆறிட்டு. பேசுனா காத்து வருது, அவ்வளவுதான். உங்க முன்னால வர வெக்கப்படுதான்.”

“வெக்கமா?” என்றாள். “எங்கிட்டயா?” நனைந்த முந்தானையைப் பிழிந்தாள். பிறகு மூச்சை இழுத்து விட்டு, “அது என்ன, சட்டியில?” என்று எழுந்தாள். கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

“மிக்ஸியில போட்டியா?”

“ஆமா.”

“சூட்டோடயா?”

“ஆமா மதினி.”

“அதான் பசையாயிட்டு. பாசிப்பருப்பைப் போய் மிக்ஸியில ஓட்டுவாகளா? மத்து எங்கன இருக்கு?”

புதிதாக ஒரு கை பருப்பு வறுத்து வேகவைத்தாள். மத்தைப் போட்டு, அடிக்காமல் அவசரமில்லாமல், உருட்டி உருட்டிக் கடைந்தாள். பருப்பு மறைந்தது, ஆனால் பருப்பு என்று நாக்குக்குத் தெரியும் அளவு மிஞ்சியது. பாலைச் சேர்த்து இறக்கினாள். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் பொரித்து, அவற்றை வடிகட்டியில் நிறுத்திவிட்டு நெய்யை மட்டும் ஊற்றினாள். புண் ஆறிவிட்டதா என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டு நாலு சொட்டு எலுமிச்சை விட்டாள். நான் அதில் ஒரு கரண்டி குடித்தேன். இத்தனை நாள் நான் சூப் வைக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

தம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டு போய்க் கதவின் முன் நின்றாள்.

“சூப்பு.”

நெய் வாசனை கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருந்தது.

“ஆறிட்டு. வேணும்னா வாங்குங்க. இல்லன்னா நானும் உங்க தங்கச்சியும் குடிச்சிருவோம்.”

தாழ்ப்பாள் நகர்ந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பதுபோல நின்றோம். கடைசியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“உப்பு கொஞ்சம் ஃபேரணும்.”

“என்னது?” என்றாள் மதினி.

“உப்பு! உப்பு ஃபேரணும்!”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடக்க அடக்க அதிகமானது. அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்து, “எதுக்கு சிரிக்க?” என்று கேட்டான். கோபத்தில் வாயைப் பொத்த மறந்துவிட்டான்.

“கல்யாணமான நாள்லயிருந்து நான் வச்ச எதுலயாவது உப்புச் சரியா இருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? பல்லு போயும் அது மட்டும் போகல பாருங்க.” சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நின்றபாடில்லை. “நான் என்னென்னமோ நெனச்சிட்டேன்.”

அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. தம்ளரை வைத்திருந்த கை தாழ்ந்தது. பிறகு, “நல்லாருக்கு. இன்னொரு தம்ளர் கொடு” என்றான். உப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிவிட்டான். பல் செட்டு வரட்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அளவெடுக்க வாசுதேவநல்லூரிலிருந்தே வந்து போகிறேன் என்றான். மதினி எங்கள் மத்தைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் வீட்டு மத்து சின்னதாம்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவர்கள் ஊர் வழியாகப் போகும் மதுரை பஸ் நின்றது. இரண்டு பேரையும் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு நான் கீழே நின்றேன். கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். மதினி வாயெடுப்பதற்குள் அண்ணன் சொன்னான்.

“வாஃபுஃபேவநல்லூர். ரெண்டு.”

“எங்க அண்ணாச்சி?”

“வாஃபுஃபேவநல்லூர்!”

“கேக்கல அண்ணாச்சி, சத்தமாச் சொல்லுங்க.”

அண்ணன் எழுந்து நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டான். கோயில் கொடையில் பேசும் குரல் எங்கிருந்தோ வந்தது.

“வா-ஃபு-ஃபே-வ-நல்-லூர்!”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டுப் பெரியவர் ஒருவர், “ஏங்க, அவரு வாசுதேவநல்லூருக்குக் கேக்காரு” என்று விளக்கம் சொன்னார். மதினி ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் அவளைப் பார்த்தான், கண்டக்டரைப் பார்த்தான், அப்புறம் அவனும் வாய் நிறையச் சிரித்துவிட்டான். டிரைவர் ஹாரன் அடித்து வண்டியை எடுத்தார்.