தூதர் வீட்டு வாசலில் மூன்று ஜோடி

சனிக்கிழமை காலை 9.10. பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து டெலவேர் ஆற்றங்கரைக்கு இருபத்தைந்து மைல். பின் சீட்டில் பதினொரு வயது மகள் நிலா உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். திங்களன்று பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தூதர் ஒருவரைப் பற்றி ஸ்லைட் போட்டுப் பேச வேண்டும். வகுப்புக் குலுக்கலில் அவளுக்கு விழுந்த மனிதர். வக்கீல், ஆசியாவில் தூதர், பிறகு செனட்டர், கடைசியில் மந்திரி. இரண்டு வாரம் படித்தும் பேச்சை ஆரம்பிக்க அவளுக்கு ஒரு வரி அகப்படவில்லை.

“ஹி இஸ் ஸோ போரிங், அப்பா. எவ்ரிபடி வில் ஸ்லீப்.”

“அவர் வீட்டை நேர்ல பாத்தா ஏதாவது க்ளிக் ஆகும்டி, சும்மா வா” என்றாள் என் மனைவி மாலதி.

9.55. நினைவில்லமாகிவிட்ட வெள்ளை மாடிவீடு. டிக்கெட் எட்டு டாலர், பிள்ளைகளுக்கு இலவசம். பளபளத்த மரத்தரையைப் பார்த்ததும் நானும் மாலதியும் யோசிக்கவேயில்லை. ஷூவைக் கழற்றி வாசலோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டோம். ஊறிப்போன பழக்கம், என்ன செய்ய!

“அம்மா! இட்ஸ் எ மியூசியம்! புட் தெம் ஆன், ப்ளீஸ்!”

“வீடுன்னுதானேடி போர்டுல போட்டிருக்கான்?”

சுற்றிக்காட்ட வந்த வெள்ளைக்கார அம்மாள் எங்கள் சாக்ஸையே பார்த்தார். போச்சுடா, மானம் கப்பலேறியது என்று நினைத்தேன். அவரோ வாய்விட்டுச் சிரித்து, எங்களை நேராக மாடிக்கு அழைத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கடிதத்தைக் காட்டினார். தூதர் தன் மனைவிக்கு எழுதியது.

ஆசியாவில் முதல் நாள், ஒரு பிரபுவின் வீட்டுப் பாயில் சேற்றுப் பூட்ஸோடு நடந்துவிட்டாராம். யாரும் கடிந்துகொள்ளவில்லை, யாரும் பேசவுமில்லை. மறுநாள் படியில் உட்கார்ந்து தன் கையாலேயே பூட்ஸைக் கழற்றியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பேச்சுவார்த்தையே ஆரம்பித்ததாம். செனட்டும் மந்திரி பதவியும் பின்னால் வந்தவை, மனிதர் ராஜதந்திரம் கற்றது அந்தப் படியில்தான் என்றார் அந்த அம்மாள். நிலா கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

11.20. கிளம்பும்போது எங்களுக்கு முன்னால் ஓடினாள். பதினாறு வருஷ அமெரிக்க வாழ்க்கையில் எத்தனையோ வாசல்களில் கழற்றுவதா வேண்டாமா என்று நான் திருதிருவென்று விழித்திருக்கிறேன். இன்று வெட்கமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

வாசலில் நிலா தன் ஷூவையும் கழற்றி எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மண்டியிட்டுப் படமெடுக்கப் போனை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“டோன்ட் டச், அப்பா! தட்ஸ் மை ஃபர்ஸ்ட் ஸ்லைட்.”

“இருடி, இருடி” என்று மாலதி குனிந்தாள். “கிளாஸே பாக்கப்போகுது, என்னோடத கொஞ்சம் துடைச்சுடறேன்.”