முதல் பக்கத்தில் எப்போதும் கோழி

வாசலை ஒட்டிய கம்பித் தட்டிலிருந்து அந்த வாரத்து நோட்டீஸை ஒவ்வொன்றாக எடுத்து, விரித்து, மூன்றாம் பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, உள்ளங்கையால் ஒரு நீவு நீவி, மறுபடியும் தட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் காய்கறியக்கா. முதல் பக்கத்துக் கோழித் தொடை உள்ளே போய்விடுகிறது. வெள்ளரியும் குடைமிளகாயும் வெளியே வருகின்றன. புதன்கிழமைதோறும் கடை திறப்பதற்கு முன் இருநூறு நோட்டீஸையாவது இப்படித் திருப்பிவிடுவார். யாராவது பார்த்துக் கேட்டால், "அச்சாபீஸ்ல தப்பா மடிச்சு அனுப்பிட்டாங்க" என்பார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

ஒரே குடும்பத்துக்குச் சொந்தமான ஐந்து மளிகைக் கடைகளில் இது மூன்றாவது. பெரிய கம்பெனிகளின் கடைகள் நாலு பக்கமும் முளைத்த பிறகும் இந்த ஐந்தும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம் வாராவாரம் வீடு வீடாகப் போகும் அந்த நாலு பக்க நோட்டீஸ்தான் என்பது முதலாளியின் நம்பிக்கை. அதன் முதல் பக்கத்தில் ஒரே ஒரு படம்தான் பெரிதாக இருக்கும். பதினோரு வருடமாக அது கோழி. சில வாரம் முழுக் கோழி, சில வாரம் துண்டு போட்ட கோழி. இறைச்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவரைக் கடையில் எல்லோரும் கறியண்ணன் என்கிறார்கள். ஐந்து கடைக்கும் கோழி வரவழைப்பதும் அவர்தான். அவர் காய்கறியக்காவின் கணவர்.

"என் பேரைக் கவனிச்சீங்களா, பத்திரிகைக்காரரே?" என்று ஒருநாள் அக்கா என்னிடம் கேட்டார். "காய்கறியக்கா. அதுலயும் பாதி அவருதான் உக்காந்திருக்காரு."

நாற்பத்தாறு வயது. குட்டையான, உறுதியான உடம்பு. பச்சை ஏப்ரனின் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் ஈரத்துணியும் எப்போதும் இருக்கும். கைக்கடிகாரத்தைச் சட்டைக் கையின் மேலேயே கட்டிக்கொள்வார். தண்ணீர் தெளிக்கும்போது ஈரக் கையால் சட்டையை விலக்கிக் கடிகாரத்தைத் தேட நேரமில்லை என்பார். ஒன்பது வருடமாக அவரிடம்தான் காய் வாங்குகிறேன். மாம்பழத்தைக் கையில் எடுத்தால் விலை சொல்ல மாட்டார். "எப்ப சாப்பிடப் போறீங்க? இன்னைக்கா, ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் எடுத்ததைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றைத் தருவார். அது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பழுத்திருக்கும்.

இப்படிப்பட்டவருக்குத் தன் வீட்டுக்காரர்மேல் பொறாமை. அந்தப் பொறாமை பெண்கள் விஷயத்தில் இல்லை. கறியண்ணன் உயரமானவர், பார்க்க நன்றாக இருப்பார். கவுண்டரில் நிற்கும் பெண்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தால் அக்கா திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "அவர் யாரைப் பாத்து வேணாலும் சிரிக்கட்டும். முதல் பக்கத்துல இருந்துக்கிட்டு என்னைப் பாத்து சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்." தராசில் வெங்காயத்தைப் போட்டுக்கொண்டே இறைச்சிக் கவுண்டரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிடுவார். வீட்டில்கூடக் கணவரின் வேலையைப் பெயர் சொல்லிப் பேச மாட்டார். "அந்தப் பக்கம் இன்னைக்குக் கூட்டமா?" என்றுதான் கேட்பார்.

கறியண்ணனோ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதே இல்லை. "கோழி விலையைக் குறைச்சா கண்ணை மூடிக்கிட்டு வருவாங்க. இதுல என் சாமர்த்தியம் என்ன இருக்கு?" என்பார். அக்காவுக்கு எரிவதே அங்கேதான். கிடைத்ததை வைத்துக் கொஞ்சம் பெருமையடித்தால் சண்டையாவது போடலாம்.

முதல் பக்கம் யாருக்கு என்பது திங்கட்கிழமை முடிவாகும். தலைமைக் கடையின் மாடியில் முதலாளி உட்கார்ந்திருப்பார். அவருடைய மூத்த மகள் கம்ப்யூட்டரில் நோட்டீஸைப் போட்டுக் காட்டுவார். ஐந்து கடையின் பிரிவுக்காரர்களும் சுற்றி நிற்பார்கள். முதலாளி வாராவாரம் ஒன்றையே சொல்வார். "கோழிதான் ஆளை உள்ள கூட்டிட்டு வரும். உள்ள வந்தவன் காய் வாங்காமயா போவான்?"

"என் காயெல்லாம் அவர் கோழிக்குப் பின்னால நாய்க்குட்டி மாதிரி வரணுமாம்" என்று அக்கா என்னிடம் சொன்னபோது கையில் இருந்த முள்ளங்கியின் இலையைத் தேவைக்கு அதிகமாகவே வெட்டியிருந்தார்.

இந்த வருடம் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு தாயும் மகளும் தக்காளி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தன் விடுமுறை நாளில் போய்ப் பார்த்தார். சிவப்பு, மஞ்சள், கறுப்பும் ஊதாவும் கலந்த ஒன்று என மூன்று வகை. மூன்று முறை போய்ப் பேசி, பறித்த அன்றே ஐந்து கடைக்கும் நேராக வந்துவிடும்படி ஏற்பாடு செய்தார். வாரத்துக்கு இரண்டு வேன். அத்தனையையும் எடுத்துக்கொள்வதாகக் கையடித்து வாக்கும் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்தில் போட்டால்தான் அவ்வளவும் விற்கும். போடாவிட்டால் நாலாம் நாள் குப்பைக்குத்தான் போகும். அவருடைய பேரும் கூடவே போகும்.

அந்தத் திங்கட்கிழமை மாதிரிக்கு மூன்று தக்காளியைத் துணியில் சுற்றிக்கொண்டு மாடி ஏறினார். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டினார். "தக்காளியா? தக்காளி இல்லாத வீடு எதும்மா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதல் பக்கம் கோழிக்கே என்று முடிவானது.

"எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு" என்றார் அக்கா. "பல்லு தெரியல. ஆனா சிரிச்சாரு."

அன்று மாலை பஸ்ஸில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். கணவர் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

மறுநாள் காலை முதலாளியின் மகள் போன் செய்தார். "அக்கா, முதல் பக்கத்துக்குத் தக்காளியை எடுத்துக்கிட்டோம். நல்ல படமா ஒண்ணு எடுத்து அனுப்புங்க." அக்கா போனை வைத்துவிட்டுக் கணவரிடம் போய் நின்றார். "உங்க கோழிக்கு இந்த வாரம் ரெண்டாம் பக்கம்தான்" என்றார்.

"அப்படியா" என்றார் கறியண்ணன்.

"கொஞ்சமாவது வயிறு எரியட்டும்னு நின்னு பாத்தேன்" என்றார் அக்கா. "மனுஷன் ஷூ லேஸைக் கட்டிட்டு இருந்தாரு."

அந்தப் புதன்கிழமை நோட்டீஸ் தட்டை அவர் தொடவே இல்லை. வியாழக்கிழமை காலையில் நான் போனபோது தக்காளி மேசையைச் சுற்றி மூன்று வரிசை ஆள் நின்றது. நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "இதுல போட்டிருக்கிற அந்தக் கறுப்புத் தக்காளி எது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா ஒன்றை நாலாக நறுக்கிக் கொடுத்தார். ஒரு கணவனும் மனைவியும் மஞ்சளா சிவப்பா என்று அங்கேயே வாக்குவாதம் செய்தார்கள். அக்கா இரண்டிலும் ஒவ்வொரு கிலோவைப் போட்டு அனுப்பினார். சனிக்கிழமை மதியத்துக்குள் ஐந்து கடையிலும் மேசை காலி.

ஆனாலும் அந்த மூன்று நாளும் அவருக்கு ஒரு உறுத்தல். எண்ணி எண்ணிப் பேசுகிற கணவர் அந்த வாரம் ஓயாமல் பேசினார். தக்காளிப் பையோடு போகிறவர்களை வழிமறிக்காத குறையாக, "இந்தத் தக்காளியோட இந்தத் துண்டைப் போட்டு வதக்கிப் பாருங்க, அடுப்பை மட்டும் சிம்ல வைங்க" என்று கவுண்டருக்கு மேல் எக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயும் வரிசை நின்றது. "என் கூட்டத்தை அவர் இழுக்கிறாருன்னு நினைச்சேன். ஒரே ஒரு வாரம், அதைக்கூட முழுசா விட மனசில்லைன்னு நினைச்சேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் காலி மேசையைப் பார்க்க முதலாளியின் மகள் வந்தார். சந்தோஷத்தில், "நல்லவேளை அக்கா, இந்த வாரம் கோழி வரத்து கம்மின்னு அண்ணன் திங்கட்கிழமை ராத்திரியே எங்கப்பாக்கு போன் பண்ணிட்டார். இல்லேன்னா அப்பா தக்காளிக்கு ஒத்துக்கிட்டிருக்கவே மாட்டார்" என்றார்.

அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக இறைச்சிப் பிரிவின் குளிர் அறைக்குள் போனார். சுவரோரமாக இடுப்பளவுக்குக் கோழிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கணவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"இதுதான் வரத்து கம்மியான லட்சணமா?"

கறியண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். "பாத்துட்டியா."

"நான் உங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கல."

"பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினேன்னு நினைச்சிட்டு இருந்தேன். இப்பப் பாத்தா இதுவும் நீங்க போட்டதுதான். அப்போ அது உங்க முதல் பக்கம்தானே? என்னோடது எங்க?"

அவர் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். குளிரில் இருவர் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. பிறகு, "உனக்காக மட்டும் பண்ணல" என்றார். "உன்கிட்ட வர்றவங்க மாமியாருக்குப் பல்லு இல்ல, வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்கன்னு ஊர்க் கதையெல்லாம் சொல்லித்தான் காய் வாங்கறாங்க. என்கிட்ட வந்து ஒண்ணரைக் கிலோங்கறாங்க, போனைப் பாத்துட்டு நிக்கறாங்க, போயிடறாங்க. பதினோரு வருஷமா ஒருத்தர்கூட என் முகத்தைப் பாத்ததில்ல. அந்தப் படம் இல்லாம ஒரு வாரம் வித்துப் பாக்கணும்னு இருந்துச்சு."

"என்மேல உங்களுக்குப் பொறாமையா?"

"இருக்காதா பின்ன?"

இதை என்னிடம் சொன்னபோது அக்கா பீன்ஸ் பொறுக்குவதை நிறுத்திவிட்டார். "அந்த ரூம்ல நின்னும் எனக்குக் குளிரே தெரியல" என்றார். "இத்தனை வருஷத்துல அவர் வாயிலேர்ந்து அப்படி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்ல. ஆனா கோபமும் போகல. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு."

கோபம் போகாததால் அடுத்த திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தார். முதலாளி தக்காளியைப் பாராட்ட வாயெடுத்ததும், "போன வாரம் கோழி வரத்து நல்லாத்தான் இருந்துச்சு. இவர் உங்ககிட்ட பொய் சொன்னார்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். "அந்த வாரத்தை என் பேர்ல எழுதாதீங்க. எனக்கு முதல் பக்கம் வேணும். ஆனா நேரா கேட்டு வாங்கணும்."

கறியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் நோட்டீஸ் உங்க ரெண்டு பேருக்கும் விளையாட்டுச் சாமானா? புருஷன் பொண்டாட்டி வழக்கை வீட்ல வச்சுக்கங்க" என்று மேசையைத் தட்டினார். கறியண்ணனை வேறு கிளைக்கு மாற்றிவிடுவதாகவும் சொன்னார். அந்த நேரத்தில் பயந்துபோனதை அக்கா மறைக்கவில்லை. "நியாயம் பேசப் போய் மனுஷனை இழந்துடுவேனோன்னு இருந்துச்சு."

மகள்தான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். தக்காளி வாரத்தில் ஐந்து கடைக்கும் வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். இரண்டாம் பக்கத்தில் இருந்த கோழியும் எப்போதும்போலவே விற்றிருந்தது. மிச்சம் ஒன்பது பெட்டிதான். முதலாளி திரையையே நெடுநேரம் பார்த்தார். "கோழி ரெண்டாம் பக்கத்துல இருந்தாலும் விக்குது, தக்காளி முதல் பக்கத்துல இருந்தாலும் விக்குது. அப்போ இத்தனை வருஷமா நான் என்னத்தைச் சொல்லிட்டு இருந்தேன்?" என்று யாரையோ கேட்பதுபோல் கேட்டார்.

கடைசியில் கறியண்ணனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. மாற்றல் இல்லை. அந்த எச்சரிக்கைத் தாள் இப்போது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது யார் என்று கேட்டேன். "அவரைக் கேளுங்க" என்றார் அக்கா. அவரைக் கேட்டேன். "அவளைக் கேளுங்க" என்றார்.

முதல் பக்கத்துக்கு மகள் ஒரு யோசனை சொன்னார். கோழிப் படம், காய்ப் படம் என்று போடாமல், நம் கடையில் நிற்கிற மனிதர்களையே போடலாம் என்றார். முதலாளி கையை உதறினார். "ரெண்டு பேரையும் சேத்தே போடு. இந்தப் பஞ்சாயத்து எனக்கு ஆகாது."

நேற்று உருளைக்கிழங்கு வாங்கப் போனபோது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காய்கறி மேசைக்கும் இறைச்சிக் கவுண்டருக்கும் நடுவில் இருவரும் நின்றார்கள். அக்கா தலையை வாரி, புது ஏப்ரன் கட்டி, கையில் ஒரு கூடை தக்காளியோடு விறைப்பாக இருந்தார். கறியண்ணன் வெள்ளைக் கோட்டில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். மகள் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் கறியண்ணன், மனைவி நன்றாகத் தெரியட்டும் என்று சத்தமில்லாமல் அரை அடி பின்னால் போனார்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்துத் தன் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார். தரையின் ஓடுகளுக்கு நடுவே போகும் கோட்டைப் பார்த்து, இருவர் கால்விரலும் அதில் சரியாக இருக்கிறதா என்று குனிந்து சோதித்தார். பிறகு நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, தான் மட்டும் ஒரு அரை அடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.