பவுனு நீட்டிய கை

"மூர்க்க விலங்குகளை அடக்கும் உடல்வலிமையும் அதிகாரக் குரலும் அஞ்சா நெஞ்சும் கொண்ட ஊழியர்" என்கிறது மானாம்பதி மார்த்தாளின் பணிச்சான்று. தெருநாய் குரைத்தால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுவார். குரலோ, பேருந்தில் கண்டக்டருக்கு எட்டாது. இறங்கவேண்டிய இடம் தாண்டி வாலாஜாபாத் வரை போய்த் திரும்பியதெல்லாம் உண்டு.

உத்திரமேரூரை அடுத்த சிறிய விலங்குக் காட்சிசாலையில் அவர் பொறுப்பில் இருந்தது பவுனு என்ற கிழட்டுக் கரடி. யாரோ ஒரு காலத்தில் மூக்கில் கயிறு கோத்துத் தெருத்தெருவாக ஆட்டிவைத்த கரடி அது. தழும்பு இன்னும் இருக்கிறது. சில நாட்களாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. என்ன நோய் என்று பார்க்க ரத்தம் வேண்டும். இந்த வயதில் மயக்க ஊசி போட்டால் எழுந்திருக்காமலே போகலாம் என்றார் கால்நடை மருத்துவர் சுகுமார். அதுவாகக் கை நீட்டினால்தான் உண்டு.

"சோத்துத் தட்ட வாங்கவே எங்க வூட்டுக்காரு கை நீட்ட மாட்டாரு. கரடி நீட்டுமா சார்?"

சுகுமார் பழக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தார். கம்பிக்கு வெளியே, மேல்பக்கம் திறந்த தகரக் குழாய். அதில் பவுனு கையை வைத்திருக்க வேண்டும். விசில் கேட்டால் வேலை முடிந்தது. கையை எடுத்துக்கொண்டு பேரீச்சம்பழம் வாங்கலாம். மார்த்தாளுக்கு விசில் கைவரவில்லை. கரடி கை வைத்தபோதெல்லாம் வாய் தானாக "ஸ்தோத்திரம்" என்றது. சில மாதங்களில் பவுனு அதையே விசிலாக எடுத்துக்கொண்டது.

ரத்தம் எடுக்கும் நாள். பவுனு கையை வைத்தது. ஊசி ஏறியது. கரடி அசையவில்லை. மார்த்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஸ்தோத்திரம்!"

பவுனு ஒழுங்காகக் கையை உருவிக்கொண்டு பழத்துக்கு வாயைத் திறந்தது. ஊசி தரையில் கிடந்தது.

"இன்னா மார்த்தாம்மா, ஜெபத்த கொஞ்சம் லேட்டா பண்ணக்கூடாதா?"

"தானா வந்துட்ச்சி சார். குத்துன கைய இன்னமே குடுக்குமா?"

"தெரியலையே."

"பழத்தயாவது குடுத்துடறேன். அது மேல இன்னா தப்பு கீது?"

கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கட்டு இல்லை, கயிறு இல்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளக் கதவும் திறந்தே இருந்தது. பவுனு குழாயை முகர்ந்தது. மார்த்தாளைப் பார்த்தது. பிறகு, ஊசி பட்ட அதே கையை, நகம் தகரத்தில் கீச்சிட, மெல்லக் கொண்டுவந்து வைத்தது. மருத்துவர் புது ஊசியை ஏற்றினார். கரடி கையை இழுக்கவில்லை. மார்த்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். கண் மட்டும் வழிந்தது.

ரத்தத்தில் தெரிந்த நோய்க்கு மருந்து இருந்தது. பவுனு இப்போது முழுச் சாப்பாடு சாப்பிடுகிறது.

மார்த்தாள் செய்தது இது: கரடியிடம் கையைக் கேட்டார், அது கொடுத்தது, ரத்தக் குப்பி நிறையும்வரை வாயைத் திறக்காமல் இருந்தார்.