சித்தி அனுப்பிய கசெற்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியோடு சேர்த்து ஒரு பொய்யும் பரிமாறப்படும். "தங்கச்சி ஹொலண்டிலை ஒபிஸ் வேலை" என்பார் அம்மா. உண்மையில் சித்தி பகலில் ஒரு பூப்பண்ணையில் ரியூலிப் பூக்களைக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் அடுக்கினார். மாலையில் பெண்கள் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்கு விளையாடினார். பூ அடுக்குவதையாவது அம்மா பொறுத்துக்கொண்டார். பந்தடிப்பது வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு இந்தப் பிறவியில் கலியாணம் இல்லை என்று முடிவே கட்டியிருந்தார்.

சண்டைக்குப் பயந்து நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது, ஆட்களைக் கடத்தும் ஏஜென்சிக்காரன் ஆளுக்கொரு திசையில் இறக்கிவிட்டான். அம்மாவும் அப்பாவும் ரொறன்ரோவில், பார்க்டேலில் ஓர் அபார்ட்மென்றில் வந்து விழுந்தார்கள். நான் பிறந்ததே அங்கேதான். அம்மாவின் அண்ணனான மாமாவும் அவரோடு போன சித்தியும் ஹொலண்டில் விழுந்தார்கள். சித்திக்கு அப்போது பதின்மூன்று வயது. மொழி தெரியாமல் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் நின்றவரிடம் ஒரு பந்து உருண்டு வந்ததாம். திருப்பி உதைத்தாராம். அது மைதானத்தைத் தாண்டிப் போய் வாத்தியாரின் காரில் விழுந்ததாம். "கண்ணாடி உடைஞ்சதோ?" என்று ரெலிபோனில் நான் கேட்காத நாள் இல்லை. "ஓமடி, அதுக்காண்டித்தான் என்னை ரீமிலை சேர்த்தவை" என்று அவர் சொல்லாத நாளும் இல்லை. இருபத்திமூன்று வயதில் கழகத்தின் முதல் அணிக்கு அவர்தான் தலைவி. எனக்கு அப்போது ஒன்பது வயது. கடவுளுக்கு அடுத்தபடி எனக்குச் சித்திதான். சில நாட்களில் கடவுள் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுவார்.

அந்த வருடம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான மார்க்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. தனி வீடு, கொம்பியூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, சாதகமும் நல்ல பொருத்தம். ஆனால் படம் மட்டும் போதாது, பொம்பிளையை வீடியோவில் பார்க்கவேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டார். தொண்ணூறுகளில் எங்கள் ஆட்களுக்குள் பாதிக் கலியாணங்கள் அப்படித்தான். பொம்பிளை முதலில் கசெற்றில் வருவார், பிறகுதான் பிளேனில் வருவார். ஹொலண்டிலிருந்து மாமா எடுத்த கசெற் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் எடுத்த கசெற் இங்குள்ள டெக்கில் ஓடாது, வெறும் கோடுகள்தான் உருளும். அப்பா அதைத் தமிழ் வீடியோக் கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார்.

போட்டுப் பார்த்தோம். பச்சைச் சேலையில், இடுப்புவரை தொங்கும் பின்னலோடு சித்தி வந்தார். கழுத்தோடு வெட்டிய முடிக்கு இந்தப் பின்னல் எங்கிருந்து முளைத்தது என்று கேட்க நான் வாய் திறக்குமுன் அம்மா என் தொடையில் கிள்ளினார். சித்தி நடந்தார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து, யாருமே இல்லாத மேசையில் பணிவாக வைத்தார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த கணம் திரை ஒருமுறை துடித்தது. மழை, புல்வெளி, அரைக் காற்சட்டையும் ஐந்தாம் இலக்கச் சட்டையுமாகச் சித்தி.

"ஐயோ, நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று அம்மா அலறினார். திட்டெல்லாம் மாமாவுக்குப் போனது. "விசரன்! உவன் அண்ணன் ஏதோ பழைய கசெற்றிலை எடுத்துத் துலைச்சிருக்கிறான்." பின்பாதியை அழித்துவிடலாம் என்றார் அப்பா. "அழிக்கப்போய்ச் சீலையும் சேந்து அழிஞ்சால்?" என்று அம்மா கேட்டார். கடைசியில் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்த கையோடு நிறுத்திவிடுவது என்று முடிவானது. ரிமோட்டை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மார்க்கத்துக்குப் போக ஒரு கிழமை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது அம்மா பக்டரியில் நிற்பார். இரவு வேலை முடித்த அப்பா நித்திரையில் இருப்பார். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். சித்தி கடைசி வரிசையில் நின்று காப்பவர். முன்னால் ஓடி வருகிறவள் இடப்பக்கம் திரும்புவாள் என்று அவள் திரும்புமுன்பே இவருக்குத் தெரிந்துவிடும். சேற்றில் சறுக்கிப் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு எழும்புவார். தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பார். இடக்காலால் ஒரே உதை, பந்து மைதானத்தின் மறுகரையில் நிற்பவளின் காலடியில் போய் இறங்கும். தன்னைவிட ஒரு முழம் உயர்ந்த பெண்களை அவர் கையைக் காட்டி அங்கே போ, இங்கே வா என்று ஏவ, அவர்களும் மறுபேச்சில்லாமல் ஓடுவார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் வெள்ளைக்காரரை ஏவுவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு நெஞ்சு விம்மும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரெலிபோன் அடித்தது. சித்தி.

"அக்கா நிக்கிறாவோ?"

"இல்லை, வேலை."

"நல்லது. நாளைக்குக் கசெற்றை ஆர் போடுறது?"

"நான்தான்."

"எண்டால் கேள். முடியுமட்டும் ஓடவிடு. ஆர் சொன்னாலும் நிப்பாட்டாதை. எனக்காண்டிச் செய்வியோ?"

செய்வேனோவா! மொட்டை அடித்துக்கொள் என்றிருந்தாலும் அடித்திருப்பேன். தன் விளையாட்டை மாப்பிள்ளை வீட்டார் பார்த்து வாயைப் பிளக்கவேண்டும் என்று சித்தி ஆசைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். அது நியாயமான ஆசையாகவும் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை மார்க்கத்தில் பலகாரம் எல்லாம் முடிந்து எல்லோரும் ரீவிக்கு முன்னால் இருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் அன்ரி, தகப்பனார் அங்கிள், ஒரு மூலையில் வெட்கப்பட்டுக்கொண்டு மாப்பிள்ளை. சேலை வந்தது. விளக்கு வந்தது. தேத்தண்ணி மேசையில் வைக்கப்பட்டது.

"காணும் பிள்ளை" என்றார் அம்மா.

நான் ரிமோட்டைத் தொடைக்குக் கீழே தள்ளி அதன்மேல் இருந்துகொண்டேன். "வேலை செய்யுதில்லை அம்மா."

மழை பெய்யத் தொடங்கியது. மாப்பிள்ளையின் தாயார்தான் முதலில், "அந்தப் பின்னல் எங்கை?" என்று கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தார். திரையில் சித்தி சறுக்கி விழுந்து, எழும்பி, புல்லில் காறித் துப்பினார்.

"ஐயையோ, பொம்பிளைப்பிள்ளை துப்புது!" அன்ரி ரீவியை நிறுத்த எழும்பிவிட்டார்.

"சேறு அன்ரி!" என்று நான் கத்தினேன். "வாய்க்குள்ளை சேறு போயிட்டுது. விழுங்கேலுமே?"

"அதுதானே, விழுங்கேலுமே?" என்றார் அங்கிள். "கொஞ்சம் இருந்து பாருமப்பா."

அவ்வளவுதான், எனக்குத் துணிவு வந்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று அறிவிப்பாளர் வேலையைத் தொடங்கினேன். இப்ப பாருங்கோ, முன்னாலை வாறவ இடப்பக்கம் திரும்புவா. இப்ப சித்தி விழுவா, ஆனால் அது விழுறதில்லை, வேணுமெண்டு சறுக்கிறது. இப்ப கோல்கீப்பர் வெளியிலை வந்திட்டா, கோல் வெறுமையா இருக்கு, ஆனால் பயப்பிடாதேங்கோ. எங்கிருந்தோ சித்தி ஓடிவந்து கோட்டிலேயே பாய்ந்து பந்தை வெளியே தள்ளினார். நெற்றி கம்பத்தில் அடிபட்டு இரத்தம் வழிந்தது. யாரோ ஒரு துணியைக் கட்டிவிட, வெளியே போகச் சொன்ன நடுவரைப் பார்த்துத் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் திரும்பவும் தன் இடத்தில் போய் நின்றார்.

அங்கிள் எழும்பி நின்றுவிட்டார். "நான் காலேஜுக்குக் கோல் காத்தவன். எனக்கு முன்னாலை இப்பிடி ஒருத்தி நிண்டிருந்தால் ஒரு கோலும் விழுந்திராது." மூலையில் இருந்த மாப்பிள்ளை முதன்முறையாக வாயைத் திறந்து, "அந்த இடத்தை இன்னொருக்காப் போடும் தங்கச்சி" என்றார். ரிமோட் உடனே வேலை செய்தது. அன்ரிக்குக்கூட மனம் இளகிவிட்டது. "பாவம் பிள்ளை, எத்தினை தையல் போட்டவை?" என்று என்னிடம் கேட்டார். மூன்று என்று அடித்துவிட்டேன்.

நல்ல மனிதர்கள். வாசலிலேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். "கலியாணத்துக்குப் பிறகும் எங்கடை பழைய மாணவர் ஒன்றுகூடலிலை பிள்ளை பந்தடிக்கலாம்" என்று அங்கிள் வாக்கும் கொடுத்தார். வருடத்தில் ஒரு நாள் பூங்காவில் கொத்துரொட்டியோடு நடக்கும் ஒன்றுகூடல் அது. காரில் அம்மா அழுதார், சிரித்தார், என் தலையை இழுத்து வைத்துக் கொஞ்சினார். அந்த இரவு முழுவதும் உலகத்தில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இருக்கவில்லை.

மறுநாள் சித்தி எடுத்தார். நான்தான் ஓடிப்போய் ரெலிபோனைத் தூக்கினேன்.

"ஓடவிட்டியோ?"

"முடியுமட்டும்! ரெண்டுதரம்!"

"துப்பினதையும் பாத்தவையோ?"

"ஓம். அன்ரி ரீவியை நிப்பாட்ட வெளிக்கிட்டவ. நான் விடேல்லை. வாய்க்குள்ளை சேறு போனதெண்டு விளங்கப்படுத்தினன். எல்லாத்தையும் நான்தான் சொல்லிக் குடுத்தனான். அவைக்கு உங்களை நல்லாப் பிடிச்சுப்போட்டுது சித்தி. ஓமெண்டுட்டினம்!"

சித்தி சிரித்தார், நெடுநேரம் சிரித்தார். "கெட்டிக்காரி" என்றார். "அம்மாட்டைக் குடு."

அம்மா சந்தோசத்தோடுதான் வாங்கினார். "என்ன? ஆர் கூப்பிட்டது? நாட்டு ரீமோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. ரெலிபோனை வைத்துவிட்டுக் குசினி நிலத்தில் இருந்துவிட்டார். ஹொலண்டின் தேசிய அணித் தேர்வுக்குச் சித்தியை அழைத்திருந்தார்கள். அவர் எங்கேயும் வரப்போவதில்லை. இனி அவருக்கு மாப்பிள்ளை யாரையும் பார்க்கவும் வேண்டாம்.

மார்க்கத்துக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டது அம்மாதான். அந்த அவமானம் அவருக்கு ஆறவேயில்லை. அக்காவும் தங்கச்சியும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. இதற்கிடையில் சித்தி தேர்வில் எடுபட்டார், ஹொலண்டு அணியின் செம்மஞ்சள் சட்டை போட்டார், முழங்கால் பழுதாகும்வரை அதைக் கழற்றவில்லை. எனக்கும் அவரோடு கோபம்தான். எவ்வளவு பாடுபட்டு அந்த வீட்டைச் சம்மதிக்க வைத்தேன், ஒரு சொல்லில் உதறிவிட்டாரே என்று பல மாதம் ரெலிபோனுக்கு வர மறுத்தேன்.

கசெற்றின் பின்பாதி மாமாவின் கவலையீனமில்லை என்பதும், சித்தியே இருந்து அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்துச் சேர்த்தார் என்பதும் எனக்குத் தெரியவர எத்தனையோ வருடங்கள் பிடித்தன. வேண்டாம் என்ற சொல் மார்க்கத்திலிருந்து வந்திருந்தால், அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லும் வேலை அவருக்கு இருந்திராது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சித்தி விளையாடுவதைப் பார்க்கிற எவருக்கும் அவரைப் பிடித்துவிடும். யாருக்காவது தன்னைப் பிடிக்காமல் போகவேண்டும் என்று சித்தி அந்தச் சனிக்கிழமை முழுக்க ஹொலண்டில் காத்துக்கொண்டிருந்திருப்பார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.