அம்மா திறந்த கம்ப்யூட்டர்

அத்தாவை நாங்கள் வெள்ளிக்கிழமை தோறும் இழந்துகொண்டிருந்தோம். சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்த அவர், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து எங்களைத் திரையில் பார்ப்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் போன பிறகுதான் தம்பி பிறந்தான். அம்மா அவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, திரைக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பாள். அத்தாவின் முகம் கலங்கிக் கலங்கித் தெளிகிற நேரத்துக்குக் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும்.

பேகம்பூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் சச்சா மெத்தைக் கடை வைத்திருந்தார். அத்தாவின் தம்பியான அவர், எல்லாக் கோளாறுக்கும் கரண்டைத்தான் திட்டுவார். பிளக்கை மாற்றினார், வயரை மாற்றினார். நான் மானிட்டரைத் தலையில் தட்டினேன். எதுவும் பலிக்கவில்லை.

அந்த வாரம் அத்தா போனில் ஒரு செய்தி சொன்னார். சனிக்கிழமை அவரைப் பாலைவனத்துக்குள் ஏதோ ஒரு கேம்புக்கு மாற்றுகிறார்களாம். அங்கே நெட் கிடையாது. எப்போது திரும்புவார் என்பதும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அம்மா கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள். அணைந்தது. உடனே மறுபடி போட்டாள். முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது. ஆறவிட்டுப் போட்டபோது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது. தம்பிக்குக் காய்ச்சல் பார்க்கிறவளைப் போலப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள். உள்ளே ப்ராசசர் சூடாகிறது, அது கருகிவிடாமல் இருக்கத் தானே அணைந்துகொள்கிறது, திங்கட்கிழமை கொண்டுவாருங்கள் என்று அவர் சொன்னார்.

“திங்கக்கிழம கொண்டுவந்தா நீங்க என்ன செய்வீங்கண்ணே? அத மட்டும் இப்பச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

அவர் சிரித்திருக்க வேண்டும். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டாள். சூட்டை இழுக்க ப்ராசசர்மேல் தடவச் சொல்லி அவர் சொன்ன பேஸ்டை வாங்கிவரச் சச்சாவை அனுப்பினாள். சச்சா போகும்போது, அண்ணனுக்கு யார் பதில் சொல்வது என்று புலம்பிக்கொண்டே போனார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அம்மா பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே பச்சைத் தகட்டின்மேல் குட்டிக் குட்டியாகக் கட்டிடங்கள், அவற்றுக்கு நடுவே தங்க நிறத்தில் சந்துகள். ஒரு ஊரையே மேலிருந்து பார்ப்பது போலிருந்தது. அந்த ஊரின் நடுவில் ஒரு சின்ன ஃபேன். அதற்கடியிலிருந்த அலுமினிய மடிப்புகளுக்குள் மெத்தைக் கடைப் பஞ்சு திட்டுத்திட்டாக அடைத்துக் கிடந்தது. காற்றுப் போக இண்டு இடுக்கு இல்லை.

அம்மா பிரஷால் கிளறிக் கிளறி எடுத்தாள். நான் சைக்கிள் பம்பை அடித்தேன். அலுமினியத்தை மெல்லத் தூக்கியபோது, பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதைத் துடைத்தாள். அடியில் பிஸ்கட் அளவுகூட இல்லாத ஒரு வெள்ளித் தகடு மின்னியது.

“இம்புட்டுத்தானா இது?” என்றாள் அம்மா. குரல் இறங்கிவிட்டது. கடல் தாண்டி அத்தா வந்து போகிற இடம் அதுதான் என்று இருவருமே நினைத்திருப்போம். சச்சா கொண்டுவந்த பேஸ்டைச் சோற்றுப் பருக்கை அளவுக்கு அதன் நடுவில் வைத்து, அம்மா எல்லாவற்றையும் மறுபடி பொருத்தினாள். கடைசி ஸ்க்ரூவரை அவளே முடுக்கினாள். அம்மாவை அதுவரை நான் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது.

சாயங்காலம் அத்தா வந்தார். அவர் முகம் கலங்கித் தெளிந்தது. அணையவில்லை. சச்சா முதலில் வந்து, கம்ப்யூட்டரை அண்ணியே பிரித்து மாட்டியதைப் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். தம்பி அம்மா மடியிலிருந்து இறங்கி, தவழ்ந்து போய், மேசைக் காலைப் பிடித்து எழுந்து நின்றான். அத்தா கேமராவை நோக்கிக் குனிந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கத்திலும் ஒரு சொல் இல்லை.

“ஸ்பீக்கர் போயிருச்சாம்மா?” என்று கேட்டு நான் வயரை ஆட்டினேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.