விறகு நிறுத்த மாப்பிள்ளை

எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய வருடம், கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் தராசில் விறகு நிறுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரப் பொறியியல் முடித்து, மேற்படிப்புக்காகச் செய்த ஆராய்ச்சி அது. கொழுந்தைக் காயவைக்கும் சூட்டுக்கு அங்கே விறகு எரிப்பார்கள். ஈர விறகென்றால் அந்த ஈரத்தை ஓட்டவே நிறையச் சூடு செலவாகிவிடும். புகைபோக்கி வழியாக வீணாகும் சூட்டைத் திருப்பி, அதிலேயே விறகைக் காயவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காய்வதற்கு முன்னும் பின்னும் நிறுத்தால்தான் எவ்வளவு ஈரம் போனது என்று தெரியும்.

டயகமவில் ஒரு விஞ்ஞான ஆசிரியையை எனக்குப் பேசினார்கள். விசாரிக்க வந்த அவளுடைய அண்ணன், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தராசருகே நின்ற என்னைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். இன்ஜினியர் என்று சொல்லி விறகு தூக்குகிறவனைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அந்த வீட்டில் கோபம். பேச்சு நின்றுபோனது. அம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை, தன்னோடு வேலை செய்யும் டீச்சர் ஒருவரோடு அந்த ஆசிரியையே பஸ் ஏறி வந்துவிட்டாள். குடையை மடக்கிக்கொண்டே, தான் யார் என்று சொன்னாள். எனக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"இதுல இதுவரைக்கும் என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?"

"இன்னும் ஒண்ணும் இல்லைங்க. சூட்டுப் புகை வர்ற குழாய்ல கரி அடைச்சிக்குது. கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன்."

அவள் குனிந்து குழாயைப் பார்த்தாள். கொஞ்சம் அகலமாகப் போட்டால் என்ன என்று கேட்டாள். அதையும் செய்து பார்த்தேன், சரிவரவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே சம்மதம் சொல்ல அவள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் காரணம் கேட்டேன்.

"பொய் சொல்லி என்னைய மயக்கப் பாக்கலியே, அதாங்க."

குழாயை எளிதாகத் துடைக்க ஒரு கதவு வைத்த பிறகுதான் விறகு நினைத்தபடி காய்ந்தது. அது பாடசாலை விடுமுறைக் காலம். நான் கரி சுரண்டிக் கதவைச் சாத்தி அடுப்பை மூட்ட, அவள் அருகே நின்று வெப்பமானியைப் பார்த்து எண்களைச் சொன்னாள். பிறகு வெளிநாட்டு ஆய்வுக்குச் சேர்ந்தே போனோம், சேர்ந்தே திரும்பினோம். இன்று பல்கலைக்கழகத்தில் எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. ஆனாலும் டயகமவுக்குப் போனால், அன்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிய மச்சான் முதலில் என்னைக் குசினிக்குத்தான் கூட்டிப்போகிறார். அடுப்பு புகைகிறதாம். அதைச் சரிபண்ணிக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சோறு.